புது வீடு, வெறும் சுவர், 3 லட்சம் கடன்: கைவேலையால நிஜமா எவ்வளவு மிச்சம்?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற என் சித்தி மகன், போன வருஷம் ஆவணியில் புது ஃப்ளாட்டுக்கு கிரகப்பிரவேசம் வச்சான். அதுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, கையில ரெண்டு பேப்பரோட என் வீட்டுக்கு வந்தான். ஒண்ணு, இன்டீரியர் வேலைக்கான கொட்டேஷன். இன்னொண்ணு, பர்சனல் லோன் படிவம்.

"அக்கா, நீ ஒரு தடவை பாத்துட்டு சரின்னு சொன்னா கையெழுத்து போட்டுடுவேன்."

நான் சரின்னு சொல்லல. அதுக்கப்புறம் பத்து மாசம் அந்த வீட்டுல என்ன நடந்தது, எதை அவங்களே செஞ்சாங்க, எதை செய்யாம விட்டாங்க, எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொன்னேன். தம்பி அனுமதியோட அந்த நோட்டைத்தான் இன்னைக்கு உங்க முன்னாடி வைக்கிறேன்.

"நீங்களே செய்யுங்க, பணத்தை மிச்சம் பண்ணுங்க"ன்னு ஆயிரம் வீடியோ இருக்கு. அதுல யாரும் கணக்கு காட்டுறது இல்ல. நாம காட்டுவோம்.

முதல்ல, அந்த கொட்டேஷன்

ஃபால்ஸ் சீலிங், டிவி சுவருக்கு பேனல், படுக்கையறையில வார்ட்ரோப், மாடுலர் கிச்சன், ஹால்ல ஒரு சுவருக்கு வால்பேப்பர். எல்லாம் சேத்து 2,75,000 ரூபாய். கீழ சின்ன எழுத்துல "ஜிஎஸ்டி தனி". 18% ஜிஎஸ்டி 49,500 ரூபாய். ஆக மொத்தம் 3,24,500.

தம்பி கையில இருந்தது 24,500. மீதி 3 லட்சம் பர்சனல் லோன். 14% வட்டி, 48 மாசம். மாசத் தவணை 8,198 ரூபாய். 48 மாசத்துல கட்டுற மொத்தம் 3,93,504. அதாவது வட்டி மட்டும் 93,504. ப்ராசஸிங் கட்டணம் 2%, அதுக்கு மேல ஜிஎஸ்டி, சேத்து 7,080. இந்தக் கடனோட விலை 1,00,584 ரூபாய்.

இன்னொரு மாதிரி சொல்றேன். 48 தவணையில 11 தவணைக்கு மேல வெறும் வட்டிக்கே போகுது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேலைக்குப் போறது, ஃபால்ஸ் சீலிங்குக்காக இல்ல, அதை நாலு வருஷம் முன்னாடியே பாக்கணுங்கற ஆசைக்காக.

அடுத்து வீட்டு பட்ஜெட்:

- கைக்கு வர்ற சம்பளம்: 39,000
- ஓவர்டைம் சராசரி: 7,000
- வீட்டுக் கடன் தவணை (20 லட்சம், 8.5%, 20 வருஷம்): 17,356
- குடும்பச் செலவு: 19,000

ஓவர்டைம் இருக்கிற மாசம் 9,644 மிஞ்சும். இன்டீரியர் கடன் தவணையும் சேந்தா மிச்சம் 1,446. பரவாயில்ல, ஓடும்னு தோணும்.

ஓவர்டைம் இல்லாத மாசம் பாருங்க. இன்டீரியர் கடன் இல்லேன்னா 2,644 மிச்சம். கடன் இருந்தா 5,554 துண்டு விழும். சிப்காட்ல வேலை பாக்குறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியது இல்ல. ஆர்டர் இருக்கிற வரைக்கும்தான் ஓவர்டைம். அதை நிரந்தர வருமானம்னு நெனச்சு தவணையில கட்டிப் போடக்கூடாது.

தம்பிக்கு இது ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. புரியாதது சித்திக்கு. "ஏம்மா, நாலு சொந்தக்காரங்க வந்து வெறும் சுவத்தைப் பாத்துட்டுப் போவாங்களா? அதுக்கா வீடு வாங்கினான்?"

இந்தக் கேள்வியை சும்மா தள்ளிட முடியாது. வெறும் சுவரோட இருக்கிற வீட்டுல மனசு ஒட்டாது. மனசு ஒட்டலேன்னா மூணாவது மாசம் அதே லோன் படிவத்தை மறுபடி எடுத்துட்டு வருவாங்க. அதனால கொஞ்ச செலவுல, கொஞ்சம் கைவேலையோட அந்த வீட்டை வாழ்ற மாதிரி ஆக்கணும். அதுதான் நாங்க எடுத்துக்கிட்ட வேலை.

மழை பாக்காம சுவத்துல பணம் போடாதீங்க

மூணு மாசம் எந்தச் சுவத்துலயும் எதையும் ஒட்டக்கூடாது, மாட்டக்கூடாதுன்னு முதல் விதி போட்டேன். புதுசா பூசின சுவர் நல்லா காயணும். அதை விட முக்கியம், ஒரு ஐப்பசி கார்த்திகை மழையை அந்த வீடு தாங்குதான்னு பாக்கணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை என்ன பண்ணிச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும்.

கார்த்திகை மழையில படுக்கையறையோட வெளிச்சுவர் ஓதம் காத்துச்சு. கையை வச்சா ஜில்லுன்னு இருந்துது. கொட்டேஷன்படி வார்ட்ரோப் வந்திருக்க வேண்டிய இடம் அதே சுவர்தான். அங்க பிளைவுட் அடிச்சிருந்தா பின்பக்கம் ஊறி, பூஞ்சை பிடிச்சு, ஒரு வருஷம் கழிச்சு கதவு உப்பும்போதுதான் தெரிஞ்சிருக்கும்.

இந்த இடத்துல ஒரு சட்ட விஷயம். ரெரா சட்டம் 2016, பிரிவு 14(3). வீடு ஒப்படைச்ச தேதியில இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ, வேலைத் தரத்துலயோ குறை இருந்து நீங்க தெரிவிச்சா, பில்டர் 30 நாளுக்குள்ள தனிக் கட்டணம் வாங்காம சரி பண்ணித் தரணும். சுவர் வெறுமையா இருந்ததால போட்டோ எடுத்து, தேதியோட ஈமெயில் அனுப்பினோம். ரெண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது, ஆனா வெளிப்பக்கம் பூச்சு எடுத்து சரி பண்ணிட்டாங்க. அந்தச் சுவத்துல பேனல் அடிச்சு இருபது துளை போட்டிருந்தா, "நீங்க டிரில் பண்ணதாலதான் சார் வந்துது"ன்னு ஒரு பதில் வந்திருக்கும்.

கைவேலை நோட்டு: நாலு வேலை, அதோட மணிக்கணக்கு

கைவேலையில எல்லாரும் பண்ற தப்பு, கடை விலைல இருந்து பொருள் செலவை மட்டும் கழிச்சு "இவ்வளவு மிச்சம்"னு சொல்றது. உங்க நேரத்துக்கும் விலை இருக்கு. அதனால ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எழுதினோம். மிச்சத்தை மணியால வகுத்தா, அந்த வேலையில நீங்க மணிக்கு எவ்வளவு "சம்பாதிச்சீங்க"ன்னு தெரியும்.

1. பழைய சேலையில் ஜன்னல் திரை. பீரோவுல தூங்கிட்டிருந்த நாலு காட்டன் சேலை. பார்டரை கீழ வர்ற மாதிரி வச்சு, மேல நாடா தச்சு, வளையம் போட்டு அஞ்சு ஜன்னலுக்கும் திரை. தம்பி மனைவிக்கு தையல் தெரியும், மெஷினும் இருக்கு. நாடா, வளையம், நூல் 650 ரூபாய். 7 மணி நேரம். கடையில விசாரிச்ச விலை 5,500. மிச்சம் 4,850. மணிக்கு 693 ரூபாய்!

ஒரு டிப்ஸ்: வெயில் நேரா அடிக்கிற ஜன்னலுக்கு சேலைத் திரை சீக்கிரம் நைஞ்சு போகும். பின்னாடி ஒரு பழைய வேட்டியை லைனிங் கொடுத்துத் தைங்க.

2. பேலட் மரத்துல டிவி ஸ்டாண்டும் ஒரு பெஞ்சும். சிப்காட், தேர்வாய் கண்டிகை பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். மெஷின், உதிரி பாகம் வந்து இறங்கின மரப் பேலட் எல்லாம் கடைசியில காயலான் கடைக்கோ பழைய மரக்கடைக்கோ தான் வரும். அஞ்சு பேலட் 1,100 ரூபாய். உப்புத்தாள், ஸ்க்ரூ 780. ப்ரைமர், வார்னிஷ் 1,350. டிரில் மெஷின் ரெண்டு நாள் வாடகை 500. லோடு ஆட்டோ 400. மொத்தம் 4,130.

நேரம் 26 மணி. அதுல பாதி, ஆணி பிடுங்கறதுலயும் உப்புத்தாள் போடறதுலயும் போச்சு. இதை யாரும் வீடியோவுல காட்ட மாட்டாங்க. இதே மாதிரி ஸ்டாண்டும் பெஞ்சும் கடையில 13,500. மிச்சம் 9,370. மணிக்கு 360 ரூபாய்.

3. பழைய கைலியில் குஷன் உறை. ஆறு குஷன். உள்ள இலவம் பஞ்சு 1,150. ஜிப், நூல் 240. மொத்தம் 1,390. 9 மணி நேரம். கடை விலை 3,300. மிச்சம் 1,910. மணிக்கு 212 ரூபாய்.

கைலின்னு சொன்னதும் சித்தி முகம் சுளிச்சாங்க. அப்போ ஒரு விஷயம் சொன்னேன். கட்டம் போட்ட கைலிக்கு மலேசியாவுல இன்னைக்கும் "காயின் பெலிகாட்"னு பேர். பெலிகாட்னா நம்ம பழவேற்காடுதான்! வெள்ளைக்காரன் வாய்ல புலிகாட் ஆன அதே ஊர். டச்சுக்காரங்க 1613-ல அங்க கெல்டிரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடமா வச்சிருந்த காலத்துல, இந்தப் பக்கத்துத் துணி கப்பல் கப்பலா தென்கிழக்காசியாவுக்குப் போச்சு. கடல் தாண்டி ஊர் பேரைச் சுமந்துட்டுப் போன கட்டம், நம்ம ஹால் குஷன்ல இருந்தா என்ன குறைச்சல்? இப்போ வர்ற விருந்தாளிங்ககிட்ட சித்திதான் இந்தக் கதையைச் சொல்றாங்க.

4. ஹால்ல ஒரு சுவருக்கு மட்டும் கலர். மழை முடிஞ்சு, தை மாசம். சுமார் 100 சதுர அடி. எமல்ஷன் ரெண்டு லிட்டர் 900, ரோலர், டேப் 350. மொத்தம் 1,250. 8 மணி நேரம். பெயின்டர் கேட்டது பொருளோட சேத்து 2,800. மிச்சம் 1,550. மணிக்கு 194 ரூபாய். தரையில சிந்தினதைத் தேய்ச்ச நேரத்தையும் சேத்துதான் இந்த 8 மணி.

நாலும் சேத்து 50 மணி நேரம், 17,680 ரூபாய் மிச்சம்.

நஷ்டக் கணக்கும் எழுதணும்

இன்ஸ்டாகிராம்ல பாத்துட்டு தம்பி ஒரு ரெசின் ஆர்ட் கிட் வாங்கினான். 1,850 ரூபாய். ஒரு தட்டு செஞ்சான், அது சரியா இறுகாம பிசுபிசுன்னு நின்னுடுச்சு. மீதி பாட்டில் லாஃப்ட்ல இருக்கு. அதையும் கழிச்சா நிகர மிச்சம் 15,830 ரூபாய்.

இந்தத் தப்பை ரொம்ப பேர் பண்றோம். கைவேலையில பணம் போற முதல் ஓட்டை, கருவியும் கிட்டும். "நாளைக்கும் பயன்படும்"னு டிரில் மெஷின் வாங்குவோம், அது வருஷத்துக்கு ஒரு நாள் வெளிய வரும். எளிமையான விதி: ஒரு கருவியை மூணு தடவை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தின பிறகு, நாலாவது தடவை தேவைப்பட்டா மட்டும் வாங்குங்க.

ஓவர்டைமா, உப்புத்தாளா?

இந்த 'மணிக்கு இவ்வளவு' கணக்கு எதுக்குன்னா, ஒப்பிட்டுப் பாக்க. தம்பி சம்பளம் 39,000. 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா மணிக்கு 187.50. ஓவர்டைமுக்கு சட்டப்படி இரட்டிப்பு, அதாவது 375.

இப்போ பாருங்க. திரை தைக்கிறது 693. ஓவர்டைமை விட லாபம், எப்பவும் செய்யலாம். பேலட் வேலை 360. ஓவர்டைமுக்குக் கொஞ்சம் கீழ. அதனால ஓவர்டைம் கிடைக்கிற ஞாயிறு வேலைக்குப் போகலாம், கிடைக்காத ஞாயிறு பேலட்டை எடுக்கலாம். பெயின்ட் அடிக்கிறது 194. அது பணத்துக்காகச் செய்யற வேலை இல்ல. மூணு வயசுப் பையன் ஒரு கையளவு ரோலரை வச்சு அப்பாவோட சுவத்துல அடிச்சான். அதுக்காக வேணும்னா செய்யலாம், அதுல தப்பே இல்ல. ஆனா "மிச்சம் பண்றேன்"னு சொல்லிக்காதீங்க.

நீங்களும் உங்க மணிக் கூலியைக் கண்டுபிடிச்சு வச்சுக்கங்க. கைக்கு வர்ற சம்பளத்தை 208-ஆல வகுத்தா போதும்.

இதை மட்டும் நாமளே செய்ய வேணாம்

பொன்னேரி ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. அங்க பெண்கள் பனை ஓலையில பெட்டி, கூடை, தட்டு எல்லாம் பின்றாங்க. தம்பி மனைவி மொதல்ல யூடியூப் பாத்து தானே பின்னலாம்னு நெனச்சா. குருத்தோலையைக் காயவச்சு, ஒரே அகலத்துக்குக் கிழிச்சு, சாயம் ஏத்தி, அப்புறம்தான் பின்னலே ஆரம்பிக்கும். ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு விட்டுட்டா.

நேரா போய் நாலு மூடி போட்ட பெட்டியும் ஒரு தட்டும் வாங்கினோம். 1,100 ரூபாய். ஷெல்ஃப்ல வச்சா, உள்ள பொருளும் வைக்கலாம், பாக்கவும் அழகு. ஈரம் படாம வச்சா ரொம்ப நாள் உழைக்கும். மழைக்காலத்துல மட்டும் அப்பப்போ வெளிய எடுத்து நிழல்ல உலர்த்துங்க.

கைவேலை விலையைப் பேரம் பேசறதுக்கு முன்னாடி நான் பண்றது இதுதான்: "இதைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆச்சு?"ன்னு கேட்டு, விலையை அதால வகுத்துப் பாப்பேன். பெரும்பாலும் அதுக்கப்புறம் பேரம் பேச வாய் வராது. 50 மணி நேரம் கைவேலை செஞ்ச கைக்கு, அடுத்தவங்க கையோட விலையும் தெரியணும்.

தொழிற்பேட்டைக்காரங்க கவனிக்க வேண்டிய நாலு விஷயம்

இந்தப் பகுதியை மட்டும் தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. பழைய பொருள் சுலபமா கிடைக்கிற இடத்துல ஆபத்தும் சுலபமா வீட்டுக்குள்ள வந்துடும்.

முதல்ல, பேலட்ல இருக்கிற முத்திரை. ஏற்றுமதி இறக்குமதிப் பேலட்ல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னமும், நாட்டோட ரெண்டெழுத்துக் குறியும், எப்படிப் பதப்படுத்தினாங்கங்கற ரெண்டெழுத்துக் குறியும் சூடு போட்ட மாதிரி பதிஞ்சிருக்கும். ஐஎஸ்பிஎம் 15-ங்கற உலக விதி அது. "ஹெச் டி"ன்னு இருந்தா, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூட்டுல குறைஞ்சது 30 நிமிஷம் வச்சு பூச்சியைக் கொன்னிருக்காங்க. இதை எடுங்க. "எம் பி"ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கற விஷவாயு போட்டது. அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. முத்திரையே இல்லேன்னா எங்கிருந்து வந்துதுன்னு தெரியாது, விட்டுடுங்க.

ரெண்டாவது, கறையும் வாடையும். "ஹெச் டி" முத்திரை பூச்சிக்குத்தான் உத்தரவாதம். மேல என்ன கெமிக்கல் சிந்துச்சுன்னு அது சொல்லாது. எண்ணெய்க் கறை, நிறம் மாறின இடம், மூக்கைத் துளைக்கிற வாடை, இதுல எது இருந்தாலும் வேணாம். கெமிக்கல் வந்த நீல டிரம்மும் அப்படித்தான். எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணி பிடிக்கவோ, கீரை வளர்க்கவோ பயன்படுத்தக் கூடாது.

மூணாவது, கம்பெனி பெயின்ட். "மீதி இருந்துது"ன்னு மெஷினுக்கு அடிக்கிற பெயின்ட்டை வீட்டுக்குக் கொண்டு வர்றவங்க உண்டு. வீட்டு உபயோகப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல விதி வந்து, 2017 நவம்பர் 1-ல இருந்து அமல்ல இருக்கு. ஆனா அந்த விதி வீட்டுப் பெயின்ட்டுக்கு மட்டும்தான், தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு இல்ல. குழந்தை கடிக்கிற கட்டில்லயும் பெஞ்சுலயும் அதை அடிக்காதீங்க. டப்பாவுல வீட்டு உபயோகத்துக்கானதுன்னும், ஈய அளவும் போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

நாலாவது, கேட் பாஸ். கம்பெனி வாசல்ல சும்மா கிடக்கிற பேலட்டா இருந்தாலும், அது கம்பெனி சொத்து. எழுத்துல அனுமதி இல்லாம வெளிய எடுத்தா திருட்டுக் கணக்குல வரும். 220 ரூபாய் பேலட்டுக்காக வேலையை இழக்காதீங்க. காயலான் கடையில பணம் கொடுத்தே வாங்குங்க.

வரி பத்தி எப்பவும் வர்ற மூணு கேள்வி

"இன்டீரியர் லோனுக்கு வரிச் சலுகை இருக்கா?" சோஃபா, கட்டில், திரை வாங்கின பர்சனல் லோனுக்கு எதுவும் இல்ல. வீட்டை ரிப்பேர், புதுப்பிக்க வாங்கின கடன்னா, குடியிருக்கிற வீட்டுக்குப் பழைய வரி முறையில வட்டிக்கு வருஷம் 30,000 வரை கழிவு உண்டு. அதுவும் வீட்டுக் கடன் வட்டிக்கான 2 லட்சம் வரம்புக்குள்ளதான் அடங்கும். புது வரி முறையில குடியிருக்கிற வீட்டுக்கு இது எதுவுமே கிடையாது.

"பில் வேணாம்னா ஜிஎஸ்டி கழிச்சுக்கலாம்னு சொல்றாங்க, சரியா?" சரி இல்ல. பில் இல்லேன்னா நாளைக்குப் பலகை உப்பினா யாரையும் கேக்க முடியாது. வீட்டை விக்கும்போது, வீட்டோட சேந்த வேலைகளை மேம்பாட்டுச் செலவா காட்டவும் ஆதாரம் வேணும்.

"நோ-காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கலாமா?" கார்டு இஎம்ஐ-ல பேங்க் வட்டி போடத்தான் செய்யும். கடைக்காரர் அதே அளவு தள்ளுபடி கொடுத்து ஈடு கட்டுவார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும், ப்ராசஸிங் கட்டணமும் உங்க தலையிலதான். ரொக்கமா கொடுத்தா அதே தள்ளுபடி கிடைக்குமான்னு மொதல்ல கேளுங்க.

பத்து மாசத்துக்கு அப்புறம்

கிரகப்பிரவேச மொய்யும் கையில இருந்த 24,500-ம் சேத்து, கும்மிடிப்பூண்டியில ஒரு அலுமினிய ஃபேப்ரிகேஷன் ஆளை வச்சு சமையலறை கப்போர்டு போட்டோம். பில்லோட 42,000. இது அவசியம், தள்ளிப்போட முடியாது. பொன்னேரியில ஒரு பழைய இரும்பு பீரோ 6,500. மீதி எல்லாம் மேல சொன்ன வேலைகள். மொத்தச் செலவு:

- சமையலறை கப்போர்டு: 42,000
- பழைய பீரோ: 6,500
- பேலட் ஸ்டாண்டு, பெஞ்சு: 4,130
- குஷன்: 1,390
- திரை: 650
- சுவர் கலர்: 1,250
- பனை ஓலைப் பொருள்: 1,100
- ரெசின் கிட் (தண்டம்): 1,850
- ஆக: 58,870 ரூபாய்

3,24,500 எங்க, 58,870 எங்கன்னு நான் பெருமையா சொல்லப் போறது இல்ல. ரெண்டும் ஒண்ணு கிடையாது. அதுல ஃபால்ஸ் சீலிங் இருந்துது, வார்ட்ரோப் இருந்துது. இதுல இல்ல. நேர்மையா பாத்தா, கைவேலை மட்டும் மிச்சம் பண்ணிக் கொடுத்தது 15,830 ரூபாய்தான்.

ஆனா கடன் வாங்காம இருந்ததால மிச்சம் 1,00,584.

இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கைவேலையோட லாபம் அந்தப் பதினஞ்சாயிரத்துல இல்ல. திரையும் குஷனும் ஒரு கலர் சுவரும் வந்ததும் அந்த வீடு வீடு மாதிரி ஆயிடுச்சு. சித்தி "எப்போடா இன்டீரியர் பண்ணப் போற"ன்னு கேக்கறதை நிறுத்தினாங்க. காத்திருக்க முடிஞ்சுது. அந்தக் காத்திருப்புதான் லட்ச ரூபாயை மிச்சம் பண்ணிச்சு.

கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் நாலு மாசம் ஓவர்டைம் சுத்தமா நின்னுடுச்சு. அந்த லோன்ல கையெழுத்து போட்டிருந்தா மாசம் 5,554 வீதம் 22,216 ரூபாய் துண்டு விழுந்திருக்கும். நகையை வச்சிருப்பாங்க, இல்ல கிரெடிட் கார்டைத் தேச்சிருப்பாங்க. அப்படி எதுவும் நடக்கல. அந்த நாலு மாசத்து ஞாயித்துக்கிழமையிலதான் பெஞ்சு முடிஞ்சுது.

பங்குனியில ஓவர்டைம் திரும்ப வந்ததும் மாசம் 4,000 ரூபாய் ஆர்டி ஆரம்பிச்சிருக்கான். 12 மாசத்துல 48,000, அதோட கொஞ்சம் வட்டி. காஞ்ச சுவத்துல, ஊர் ஆசாரியை வச்சு, ரொக்கத்துல வார்ட்ரோப். ஃபால்ஸ் சீலிங் வேணுமான்னு கேட்டேன். "எதுக்குக்கா, ஃபேன் நல்லாத்தானே சுத்துது"ன்னான்.

உங்களுக்கு இந்த வார வேலை

புது வீட்டுக்குப் போகப் போறீங்கன்னா, ஒரு பேப்பர் எடுத்து மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்துல, முதல் நாளே வேணும்ங்கற அவசியங்கள்: சமையலறை, லைட், ஃபேன், கொசுவலை. ரெண்டாவதுல, ஒரு மழைக்காலம் முடிஞ்சு பாக்கலாம்ங்கறது: வார்ட்ரோப், பேனல், சுவர் வேலை எல்லாம். மூணாவதுல, வீட்டுல இருக்கிற பழசை வச்சு நீங்களே செய்யக் கூடியது. முதல் கட்டத்துக்கு ரொக்கம், ரெண்டாவதுக்கு ஆர்டி, மூணாவதுக்கு உங்க ஞாயித்துக்கிழமை. எந்தக் கட்டத்துலயும் பர்சனல் லோன் வேணாம்.

பேலட் முத்திரையை எப்படிப் படிக்கிறதுன்னு இந்த வார வீடியோவுல கிட்டக் காட்டியிருக்கேன், பாத்துட்டுக் கடைக்குப் போங்க. இங்க சொன்ன விலை எல்லாம் நாங்க கொடுத்த விலை, உங்க ஊர்ல கூடலாம் குறையலாம். வரி விஷயத்துல உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கங்க.

உங்க நோட்டுல எந்த வேலைக்கு மணிக்கு எவ்வளவு வந்துதுன்னு எழுதி அனுப்புங்க. தண்டச் செலவையும் மறைக்காம எழுதுங்க.